வரப்புக்கு இரண்டு போக

2000-ஆம் ஆண்டை ஒட்டிச் சென்னையில் வேலை தேடி அலைந்தவர்களுக்கு நினைவிருக்கும். அப்போது நகரத்தில் இரண்டே ரகப் பட்டதாரிகள்தான். ஜாவா படிப்பவர்கள் ஒரு ரகம், ஜாவா பிடிபடாமல் நெட்வொர்க்கிங் பக்கம் ஒதுங்கியவர்கள் இன்னொரு ரகம். இயற்பியல் பட்டத்தோடும், திருவல்லிக்கேணி மேன்ஷனில் மூவரோடு பங்கிட்டுக்கொண்ட ஓர் அறையோடும் நான் இரண்டாவது ரகத்தில் சேர்ந்தேன். 1998-இல் சிஸ்கோ நிறுவனம் சி.சி.என்.ஏ. என்றொரு சான்றிதழைத் தொடங்கியிருந்தது. அந்தக் காய்ச்சல் கோடம்பாக்கத்துக்கும் அசோக் நகருக்கும் பரவி, கீழே மருந்துக்கடையும் நடுவில் தையல் வகுப்புமாக இருந்த கட்டடங்களின் மூன்றாவது மாடிகளில் எல்லாம் ரவுட்டர் பாடம் நடந்துகொண்டிருந்தது. ஒய்2கே பூதத்தை நம்பி கோபோல் படித்தவர்கள், பூதம் வராமலே போனதில் திகைத்து நின்ற நேரம் அது. பூதம் வந்தாலும் வராவிட்டாலும் கம்ப்யூட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே கம்பி வேண்டுமே என்று சொல்லிச் சொல்லி எங்களை நாங்களே தேற்றிக்கொண்டோம். பிற்பாடு கம்பியும் வேண்டாம் என்று ஆகிவிட்டது வேறு கதை.

அந்த வகுப்பில் ஆளுக்கொரு பாடப்புத்தகம் கிடையாது. டாட் லாம்லே எழுதிய தடித்த வழிகாட்டி நூல் ஒன்று சாரின் மேசையில், பூஜைக்கு வைத்த கிரந்தம்போல் இருக்கும். தொட அனுமதி உண்டு, எடுத்துப்போக இல்லை. எங்களுக்கென்று கிடைத்தவை கணக்குத் தாள்கள். யாரோ எங்கேயோ கையால் எழுதியதை யாரோ தட்டச்சு செய்து, அதை ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸை இன்னொரு முறை ஜெராக்ஸ் எடுத்துப் பல கைகள் மாறி வந்து சேர்ந்த தாள்கள். ஒவ்வொரு படி எடுக்கும்போதும் ஓரத்தில் கொஞ்சம் மை கூடும், நடுவில் கொஞ்சம் புள்ளி குறையும். ஐ.பி. முகவரி என்பதோ நான்கு எண்களும் மூன்று புள்ளிகளும். புள்ளி ஒன்று தேய்ந்துவிட்டால் கணக்கே வேறு. 10.1.16.5 என்பது 101.16.5 என்று நிற்கும். நான்காவது எண் எங்கே போயிற்று என்று டீக்கடை பெஞ்சில் ஆராய்ச்சி நடக்கும். ‘புள்ளி இங்கேதான் இருந்திருக்கும்’ என்று ஒருவன் சிகரெட் நுனியால் காட்டுவான். ஓலைச்சுவடியிலிருந்து பாட்டைப் பதிப்பித்த பெரியவர்கள் பட்ட பாட்டில் ஒரு சிட்டிகையை நாங்களும் பட்டோம் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். அப்போது அப்படித் தோன்றவில்லை; விடைத்தாளில் கண்டது தப்பு, நான் போட்டதுதான் சரி என்ற ஆவேசம் மட்டும் இருந்தது.

இந்த வித்தையை அறியாத வாசகருக்கு ஒரு சொல். வலைப்பின்னலில் இருக்கும் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு முகவரி. எழுதும்போது 192.168.10.77 என்பதுபோல் நான்கு எண்கள், ஒவ்வொன்றும் 0-இலிருந்து 255-க்குள். உள்ளுக்குள் அது 32 பிட்கள், அதாவது 32 இடங்களில் ஒன்றோ சுழியோ. அதன் முன்பகுதி எந்த வலைப்பின்னல் என்றும், பின்பகுதி அதில் எந்தக் கணினி என்றும் சொல்லும். முன்பகுதி எந்த இடத்தில் முடிகிறது என்று சொல்வது மாஸ்க். அந்த இடத்தை வலப்பக்கம் நகர்த்த நகர்த்த, ஒரு பெரிய வலைப்பின்னல் இரண்டாக, நான்காக, எட்டாகப் பிரிந்துகொண்டே போகும். அப்படிப் பிரிப்பதுதான் சப்நெட்டிங். 1985-இல் இதற்கு ஒரு விதிமுறை எழுதினார்கள். ஒரு முகவரியையும் மாஸ்க்கையும் கொடுத்து, இது எந்தத் துண்டில் விழுகிறது, அந்தத் துண்டின் முதல் எண் எது, கடைசி எண் எது, நடுவில் எத்தனை கணினிக்கு இடம் என்று கேட்பதுதான் கணக்கு. அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானில் எங்கள் இளமையின் ஒரு பகுதி கரைந்தது.

சார் நாகர்கோவில்காரர். எடுத்த எடுப்பில் குறுக்குவழியைக் காட்டாதவர். முகவரியை ஒன்றும் சுழியுமாக ஒரு வரியில் எழுது, மாஸ்க்கை அதன் கீழே எழுது, மேலே ஒன்று கீழே ஒன்று என்றால் ஒன்று, மற்றபடி எல்லாம் சுழி என்று போட்டுக்கொண்டே வா என்பார். முப்பத்திரண்டு கட்டம். ஒரு கட்டம் பிசகினால் சென்னை அலுவலகத்தின் கணினி கோவையில் போய் உட்கார்ந்திருக்கும். வாரக்கணக்கில் இப்படி எங்களை அரைத்தெடுத்த பிறகு, ஒரு நாள் சாயங்காலம் மழைக்கு ஒதுங்கியவர்போல் கரும்பலகைப் பக்கம் வந்து, ‘256-இலிருந்து மாஸ்க்கைக் கழிங்கடே’ என்றார். மாஸ்க்கையும் நான்கு எண்களாகத்தான் எழுதுவார்கள்; அதன் கடைசி எண் 224 என்றால் 32. முப்பத்திரண்டின் மடங்குகள் 0, 32, 64, 96. உன் எண் 77, அது 64-க்கும் 96-க்கும் நடுவில். ஆகவே துண்டின் தொடக்கம் 64, முடிவு 95, நடுவில் 30 கணினி. முடிந்தது. வகுப்பில் ஒரு நிமிடம் பேச்சே இல்லை. பிறகு பின்வரிசையிலிருந்து ஒருவன், ‘சார், இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே’ என்றான். சார் சாக்பீஸைத் தட்டிவிட்டு, ‘சொல்லியிருந்தா சிரிச்சிருப்பியாடே?’ என்றார். உண்மைதான், நாங்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அதன் பிறகு பித்து தலைக்கேறியது. கண்ணில் பட்ட எண்ணெல்லாம் முகவரியாகத் தெரிந்தது. சென்னைக்காரர்களுக்கு 25ஜி, 27டி, 29சி பேருந்துகளைச் சொல்லத் தேவையில்லை. எனக்கு அவை ஸ்லாஷ் 25, ஸ்லாஷ் 27, ஸ்லாஷ் 29. மாஸ்க்கில் எத்தனை ஒன்றுகள் என்பதைச் சாய்கோடு போட்டு எழுதும் வழக்கப்படி, 25-இல் 128 முகவரி, 27-இல் 32, 29-இல் எட்டே எட்டு. எண் ஏற ஏற இடம் குறையும். பெசன்ட் நகரிலிருந்து வரும் 29சி-யில் எட்டுப் பேருக்கு மேல் ஏறக் கூடாது என்பது கணக்கு. கண்டக்டர் ஒரு நாளும் அதை ஒப்புக்கொண்டதில்லை. கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம், மெஸ் டோக்கன், பேருந்துச் சீட்டு, வெண்மையாக எது கிடைத்தாலும் 128, 64, 32, 16 என்று எழுதி வைத்தேன். பிரௌசிங் சென்டரில் மணிக்கு இருபது முப்பது ரூபாய் கொடுத்து உட்கார்ந்தால், மற்றவர்கள் யாஹூவில் கண்காணாத தோழியிடம் வயதும் ஊரும் விசாரித்துக்கொண்டிருக்க, நான் சி.பி.யு. பெட்டியின் நெற்றியில் ஒட்டியிருந்த 192.168.0.7 என்ற சீட்டைப் பார்த்து, ‘ஆகா, முதலாளி உள்முகவரிதான் கொடுத்திருக்கிறார்’ என்று பூரித்துக்கொண்டிருந்தேன். அந்த வயதில் பூரிக்க வேறு விஷயங்களும் உலகத்தில் இருந்தன என்பது பின்னால் தெரிந்தது.

இந்த நிலையில்தான் பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். மன்னார்குடிப் பக்கம். தாத்தா பழைய கணக்குப்பிள்ளை. பரம்பரைக் கிராமக் கணக்குப் பதவிகளை எல்லாம் 1980-இல் எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தபோது வீட்டுக்கு வந்தவர், வந்தும் கணக்கை விடவில்லை. திண்ணையில் நான் தாளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்க, வெற்றிலையை நீவிக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

“என்னடா அது, பாகப்பிரிவினைக் கணக்கா?”

“இல்ல தாத்தா. கம்ப்யூட்டருக்கு நம்பர் பிரிக்கிறது. மொத்தம் இருநூத்தி அம்பத்தாறு. எட்டு ஆபீசுக்குச் சமமாப் பிரிக்கணும்.”

“ஆளுக்கு ரெண்டணாப் பங்கு. முப்பத்திரண்டு.”

வெற்றிலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“பதினாறு ஆபீஸ்னா?”

“ஓரணா. பதினாறு.”

“அறுபத்து நாலு?”

“காலணா. நாலு நாலு வரும். நாலை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவான்?”

நாலை வைத்துக்கொண்டு இரண்டு ரவுட்டர்களுக்கு நடுவே ஒரு லைன் இழுப்பான் என்று சொல்லி விளக்கத் தொடங்கினால் விடிந்துவிடும். அதனால் வேறு பக்கம் போனேன். “ஆனா ஒவ்வொரு பங்குலயும் முதல் நம்பரையும் கடைசி நம்பரையும் யாருக்கும் கொடுக்கக் கூடாது தாத்தா. மொதல்ல இருக்கிறது அந்தப் பங்கோட பேரு. கடைசியில இருக்கிறது எல்லாருக்கும் சேர்த்துக் கூப்பிடறதுக்கு.”

“அது சரி. வரப்புக்குப் போகும்” என்றார் தாத்தா, சுண்ணாம்பைத் தடவிக்கொண்டே.

கோடம்பாக்கத்தில் கட்டணம் கட்டி வாரக்கணக்கில் நான் ஏறிய மலையை, அவர் வேட்டி மடிப்புக் கலையாமல் தாண்டிவிட்டார். எப்படி என்று அன்றைக்குப் புரியவில்லை. ரூபாய்க்குப் பதினாறணா, அணாவுக்கு நாலு காலணா, ஆக ரூபாய்க்கு 64 காசு என்று வளர்ந்தவர் அவர். எட்டணா, நாலணா, ரெண்டணா, ஓரணா, அரையணா, காலணா. அதற்கும் முன்னால் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி: அரை, கால், அரைக்கால், வீசம், அரைவீசம், கால்வீசம். இரண்டுமே ஒன்றைப் பாதி பாதியாக உடைத்துக்கொண்டு போகும் வரிசை. 256-ஐ ஒரு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 128, 64, 32, 16, 8, 4. சார் கரும்பலகையில் எழுதிய /25 முதல் /30 வரை ஒன்று விடாமல் வந்துவிடும். தம்படி மட்டும் அணாவுக்குப் பன்னிரண்டு. அது இந்த வரிசைக்கு அடங்காத பிள்ளை. நிலத்தையும் நகையையும் பித்தளை அண்டாவையும் பதினாறணாவாக வைத்துப் பங்கு பிரித்துப் பழகிய கைக்கு, மாஸ்க் என்ன, பிட் என்ன, எல்லாம் நாலு மனைக்கட்டுச் சமாசாரம்.

1957 ஏப்ரல் 1 அன்று இந்தியா நயா பைசாவுக்கு மாறியது. (நாளைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு நகைச்சுவை உணர்வு இருந்ததா, நிதியாண்டுக் கணக்கா என்பதை வாசகர் தீர்மானித்துக்கொள்ளட்டும்.) ஓரணாவுக்கு ஆறேகால் நயா பைசா, அந்தக் காலை யாரும் தர முடியாது, ஆறுதான் கிடைத்தது. கடைக்காரரோடு அந்தக் காலுக்காக நடந்த சண்டைகளைத் தாத்தா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாம் பத்துப் பத்தாக வந்துவிட்டால் குழந்தைகளுக்குக் கணக்கு எளிது என்றார்கள், எளிதாகத்தான் ஆயிற்று. பாதி பாதியாக எண்ணத் தெரிந்திருந்த ஒரு தேசத்தைப் பத்துப் பத்தாக எண்ணப் பழக்கிவிட்டு, நாற்பது ஆண்டு கழித்து அதன் பேரன்மாரிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு பாதி பாதியாக எண்ணச் சொல்லிக் கொடுத்தார்கள். முன்னேற்றம் என்று இதைத்தான் சொல்கிறார்கள் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை; அந்தக் கட்டணத்தைத் தாத்தாவிடம் கட்டியிருந்தால் வெற்றிலைச் செலவுக்காவது ஆகியிருக்கும்.

தேர்வுக்குக் கட்டணம் 100 டாலர். ஒரு வருஷத்து உளுந்து அதற்குப் போயிற்று. தேர்வு மையத்தில் கால்குலேட்டர் கூடாது. பிளாஸ்டிக் உறை போட்ட ஓர் அட்டையும் ஒரு மார்க்கர் பேனாவும் தருவார்கள். அதை வாங்கியதும், கேள்வி தொடங்கும் முன்பே, 128 64 32 16 8 4 2 1 என்று மூச்சு விடாமல் ஒரு வரி எழுதி வைத்துக்கொள்வது எங்கள் பரம்பரை வழக்கம். தெரியாததால் எழுதுவதில்லை, பிள்ளையார் சுழி. ஒரு கேள்வியை விட்டு அடுத்ததற்குப் போனால் திரும்பி வர முடியாது. இதோடு அந்தக் காலத்துத் தேர்வில் ஒரு வினோதமும் உண்டு. ஒவ்வொரு துண்டிலும் முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் கழிப்பது போதாதென்று, துண்டுகளிலும் முதல் துண்டையும் கடைசித் துண்டையும் கழிக்க வேண்டும். இரண்டாகப் பிரித்தால் இரண்டில் இரண்டு போகச் சுழி. அதாவது எட்டணா எட்டணாவாகப் பிரிக்கவே கூடாது. நான்காகப் பிரித்தால் கையில் நிற்பது இரண்டு. பாதிச் சொத்து வரப்புக்கே சரி. இந்தப் பழக்கம் காலாவதி ஆகிவிட்டது என்று 1995 டிசம்பரிலேயே எழுதி வைத்துவிட்டார்கள். சிஸ்கோவின் சொந்த மென்பொருளே 12.0 பதிப்பிலிருந்து முதல் துண்டைத் தாராளமாகப் பயன்படுத்தியது. தேர்வுத்தாள் மட்டும் அசையவில்லை. ரவுட்டரில் சரியானது தாளில் தவறு, தாளில் சரியானது ரவுட்டரில் விரயம். இரண்டையும் ஒரே மண்டையில் வைத்துக்கொண்டு தூங்கினோம்.

நல்லபடியாகத் தேறினேன். வேலையும் கிடைத்தது. நெட்வொர்க் எஞ்சினியர் என்றால் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து நாளெல்லாம் சப்நெட் கணக்குப் போட வேண்டியிருக்கும், அதற்காகத்தான் சம்பளம் என்று நான் மனப்பூர்வமாக நம்பிக்கொண்டிருந்தேன். முதல் வாரம் ரிச்சி தெருவுக்கு அனுப்பினார்கள், கிரிம்பிங் டூல் வாங்க. அடுத்த மாதங்களில் பொய்க்கூரைக்கு மேலே ஊர்ந்து நீலக் கேபிள் இழுத்தேன்; வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம் என்று எட்டு நரம்புகளை வரிசைப்படுத்தி ஆர்.ஜே.45 முனையில் நசுக்கினேன். முகவரிகளோ? அலுவலகம் முழுவதும் ஸ்லாஷ் 24. மாடிக்கொரு ஸ்லாஷ் 24. ஆறு பேர் உட்காரும் கணக்குப் பிரிவுக்கும் ஒரு முழு ஸ்லாஷ் 24, அதாவது பதினாறணாவும். அரைவீசம் போதுமே என்று மூத்தவரிடம் சொல்லிப் பார்த்தேன். “தம்பி, பத்துல ஆரம்பிக்கிற நம்பர் ஃப்ரீதானே? எதுக்குக் கஞ்சத்தனம்?” என்றார். அதுவும் சரிதான். 1996-இல் 10, 172.16, 192.168 என்று தொடங்கும் முகவரிகளை யார் வேண்டுமானாலும் வீட்டுக்குள் இஷ்டப்படி வைத்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவிட்டார்கள். பத்தில் தொடங்குவது மட்டும் 1 கோடியே 67 லட்சம். புறம்போக்கு நிலத்தில் வரப்பு எதற்கு?

வெளியே, இணையத்தில், கதை வேறாக இருந்தது. 32 பிட்டில் மொத்தம் 429 கோடி முகவரிதான். ஒரு சோதனைக்கு இது போதும் என்றுதான் 1970-களில் அந்த அளவை முடிவு செய்தோம் என்று இணையத்தின் தந்தையரில் ஒருவரான விண்ட் செர்ஃப் பலமுறை சொல்லியிருக்கிறார். சோதனை முடியவே இல்லை, அதுவே உலகமாகிவிட்டது. தொடக்கத்தில் வந்தவர்களுக்கு ஜமீன் அளவில் அள்ளிக் கொடுத்தார்கள். 17 என்று தொடங்குவது எல்லாம் ஆப்பிளுக்கு, 18 என்று தொடங்குவது எல்லாம் எம்.ஐ.டி.க்கு, 19 ஃபோர்டுக்கு. ஒவ்வொன்றும் 1 கோடியே 67 லட்சம். 1993-இல், இப்படி நிலையான அளவுகளில் அள்ளிக் கொடுத்த ஏ, பி, சி வகுப்பு முறையை ஒழித்து, தேவைக்கேற்ற அளவில் வெட்டிக் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். பழைய ஜமீன்களை யாரும் தொடவில்லை, நமக்குப் பழக்கமான கதைதான். 2011 பிப்ரவரி 3 அன்று உலகத்தின் பொதுக் கையிருப்பு தீர்ந்தது. அதே ஆண்டு, திவாலான நார்டெல் நிறுவனம் 6,66,624 முகவரிகளை மைக்ரோசாஃப்ட்டுக்கு 75 லட்சம் டாலருக்கு விற்றது. ஒன்று 11 டாலர் சொச்சம். அதே ஆண்டு ஜூன் 30-உடன் இந்தியாவில் 25 காசு நாணயமும் செல்லாமல் போயிற்று. இணைய முகவரியும் நாலணாவும் ஒரே வருஷத்தில் தீர்ந்ததில் உலகத்தில் எனக்கு மட்டும்தான் ஏதோ சம்பந்தம் இருப்பதாகத் தோன்றியிருக்கும். தாத்தா அப்போது இல்லை. இருந்திருந்தால், மனையின் விலை ஏறுவதற்குப் பட்டா போட்டவன் என்ன செய்வான் என்று கேட்டிருப்பார்.

இப்போது என்னோடு வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு ரவுட்டரைக் கண்ணால் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. அமேசானின் மேகத்தில் சதுரம் சதுரமாகப் படம் வரைகிறார்கள். பிரிக்கும் வேலையை டெராஃபார்ம் என்ற மென்பொருளின் ஒற்றை வரி செய்துவிடுகிறது. “எத்தனை ஹோஸ்ட்டுப்பா வரும்?” என்று கேட்டால், “அதுவே பாத்துக்கும் சார்” என்கிறார்கள். அது பார்த்துக்கொள்ளத்தான் செய்கிறது, பிழையே இல்லாமல், அதுதான் எரிச்சல். நான் எழுதிக் கணக்கிடும் நேரத்தில் அவர்களில் ஒரு பெண் மூன்று நாட்டில் மூன்று வலைப்பின்னலை நிறுவிவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டாள். பழைய தலைமுறை பெருமைப்பட ஒன்றே ஒன்று மிச்சம்: இரண்டு கம்பெனிகள் இணையும் நாள். இரண்டு பக்கமும் பத்தில் தொடங்கும் எண்ணை ‘ஃப்ரீதானே’ என்று இஷ்டத்துக்கு வாரி இறைத்திருப்பார்கள். இணைக்கப் போனால் ஒரே முகவரியில் இரண்டு சர்வர். அன்றைக்குப் பட்டாவைப் படிக்கத் தெரிந்தவனைத் தேடுவார்கள். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போவேன்.

அமேசானிலும் வரப்பு உண்டு, அகலம்தான் கூடிவிட்டது. ஒவ்வொரு துண்டிலும் ஐந்து முகவரி அவர்களுக்கு. முதல் எண் பெயருக்கு, அடுத்தது ரவுட்டருக்கு, அடுத்தது டி.என்.எஸ்.ஸுக்கு, அதற்கடுத்தது எதிர்காலத்துக்கு. என்ன எதிர்காலம் என்று கேட்கக் கூடாது. கடைசி எண் எல்லாரையும் சேர்த்துக் கூப்பிடுவதற்கு. அங்கே அப்படிக் கூப்பிடும் வசதியே கிடையாது, ஆனாலும் எண் ஒதுக்கப்பட்டிருக்கிறது. மிகச் சிறிய துண்டு /28. அதாவது ஓரணாவுக்குக் கீழே அங்கே சில்லறை இல்லை, காலணா செல்லாது. வெளியுலக முகவரி ஒவ்வொன்றுக்கும் 2024 பிப்ரவரி முதல் மணிக்கு அரை சென்ட் வாடகை வேறு. அலுவலகத்தில் இதைப் பற்றிப் பெரிய மின்னஞ்சல் எல்லாம் வந்தது: வீணாகும் முகவரிகளைக் கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுக்கவும். கஞ்சத்தனம் கௌரவமாகத் திரும்பி வந்த நாள் அது. கணக்குப் பிரிவுக்கு அரைவீசம் போதும் என்று சொன்ன பையனை நினைத்துக்கொண்டேன். அவனுக்கு ஒரு பதவி உயர்வு கொடுத்திருக்கலாம்.

இன்னொரு பக்கம் ஐ.பி.வி6. 128 பிட். 2016-இல் ஜியோ வந்ததிலிருந்து இந்தியாவின் கைப்பேசிகளில் பெரும்பகுதி அதில்தான் ஓடுகிறது. கையில் வைத்திருப்பவர்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அங்கே ஒரு வீட்டுக்கு, ஒரே ஒரு துண்டுக்கு, வழக்கமாக ஒதுக்குவது /64. பழைய இணையத்தின் 429 கோடியை 429 கோடியால் பெருக்கினால் என்ன வருமோ, அத்தனை முகவரி. வீட்டில் இருப்பது நாலு கைப்பேசி, ஒரு டி.வி., மாமியாருக்கு ஒரு டேப்லெட். கணக்குப் போடவே வேண்டாம். போட்டாலும் யாருக்கும் குறைவதில்லை, கூடுவதும் இல்லை. எல்லாருக்கும் எல்லாம் கிடைக்கிற அந்த ராமராஜ்யத்தில் முதல் முறை ஒரு ரவுட்டரை அமைத்தபோது எனக்கு வந்தது ஒருவித அலுப்பு. 62 பேருக்கு இடம் தேவை, 64 கையில் இருக்கிறது, வரப்புக்கு இரண்டு போகக் கச்சிதமாகப் பொருந்துகிறது என்று தெரியும் கணத்தில் உள்ளங்கால் வரை ஓடும் அந்தச் சுகம், ஏராளத்தில் கிடைப்பதில்லை. பொருந்துவதற்கு முதலில் போதாமல் இருக்க வேண்டும்.

இப்படிச் சொல்வதால் அந்தக் காலம்தான் பொற்காலம் என்று நான் கொடி பிடிப்பதாக எண்ண வேண்டாம். பழைய தாள் ஒன்றில் இருக்கும் கணக்குகள் தீர்ந்துவிட்டால் அடுத்த தாள் கிடைக்க யாரையாவது காக்கா பிடிக்க வேண்டும். இன்று பயிற்சிக் கணக்கு வேண்டுமென்றால் இயந்திரம் ஓயாமல் புதிது புதிதாகக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது, தப்பானால் எங்கே தப்பு என்று கோபப்படாமல் சொல்கிறது. சி.சி.என்.ஏ. தேர்வையும் இப்போது வீட்டிலிருந்தே எழுதலாம். அட்டையும் மார்க்கரும் போய்த் திரையில் ஒரு வெள்ளைப் பலகை. கட்டணம் 300 டாலர். சப்நெட் கணக்கு இன்னும் அதில் இருக்கிறது. மேகம், தானியக்கம், செயற்கை நுண்ணறிவு எல்லாம் வந்த பிறகும் அந்த 128 64 32 16-ஐக் கேட்காமல் சான்றிதழ் தருவதில்லை என்று பிடிவாதமாக இருக்கும் அந்த முகம் தெரியாத வினாத்தாள்காரர் மேல் எனக்குப் பெரிய மரியாதை. அவருக்கும் யாரோ ஒரு தாத்தா இருந்திருக்க வேண்டும்.

இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள், சும்மா அனுப்ப மனம் வரவில்லை. 192.168.40.0, ஸ்லாஷ் 24, பதினாறணாச் சொத்து. சென்னைத் தலைமை அலுவலகத்தில் 100 கணினி, மதுரைக் கிளையில் 50, நாகர்கோவிலில் 25. சென்னையிலிருந்து இரண்டு கிளைகளுக்கும் தனித்தனியாக ஒரு லைன், லைனுக்கு இரண்டு முகவரி. ஒவ்வொரு பங்கிலும் வரப்புக்கு இரண்டு போக, யாருக்கும் இடம் போதாமல் போகக் கூடாது. யாருக்கும் தேவைக்கு மேல் ஒரு படி பெரிய பங்கும் கொடுக்கக் கூடாது. மீதி எத்தனை அணா? கைப்பேசியை எடுக்க வேண்டாம். இந்தப் பக்கத்தின் ஓரத்திலேயே போடலாம். விடை சரிதானா என்று பார்க்க வேண்டுமானால், 1957-க்கு முன்னால் பள்ளிக்கூடம் போனவர் யாராவது உங்கள் வீட்டில் இருப்பார்; அவரிடம் கேளுங்கள்.